கூரை போடாத குடிசை

ஆம்பூர் பஜாரில் அம்சவேணியின் முகம் தெரியாதவர்கள் உண்டு; வாய் தெரியாதவர்கள் இல்லை. ஷூவின் மேல்பாகத்தை, அதாவது அப்பரை, தைக்கிற கம்பெனியில் அவளுக்கு மெஷின் வேலை. அங்கே சூப்பர்வைசர் முனீர் அகமது தொடங்கி, தெருவில் கரண்ட் போனால் கம்பம் ஏற வருகிற ஆள் வரைக்கும், அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் குறைவு. சண்டைக்காரி என்று ஊர் பெயர் வைத்தது. வைத்துவிட்டுப் போகட்டும். பொறுமைசாலி என்று பெயர் எடுத்திருந்தால், அவள் மகள் விஜயகுமாரி பால்குடி மாறும் முன்பே மண்ணுக்குள் போயிருப்பாள்.

விஜயா பிறந்ததிலிருந்து மஞ்சள். கண்ணில் வெள்ளை இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சள், உள்ளங்கை மஞ்சள், நகக்கண் மஞ்சள். பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் வைத்தியராகிவிடுவார். கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடு என்பார் ஒருவர். உப்பில்லாமல் சாப்பாடு போடு என்பார் இன்னொருவர். கண்ணில் விடுகிற மருந்துக்கு ஆள் இருக்கிறது, விலாசம் தருகிறேன் என்று மூன்றாமவர் எழுந்தே நின்றுவிடுவார்.

"காமாலைங்களா கொழந்தைக்கு?"

"இல்லீங்க, அவ கலரே அதான்" என்பாள் அம்சவேணி. அதற்கும் விடாமல் பேசுகிறவர்களுக்கு இரண்டாவது பதில் ஒன்று வைத்திருந்தாள். "கறுப்பு, செவப்பு, மாநெறம்னு நீங்கள்லாம் இல்லியா? எங்க வூட்ல மஞ்சள்." அதற்குப் பிறகு அந்த சீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

இந்த வாய் அவளுக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் அவள் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை. கட்டிக்கொடுத்தது சொந்த அத்தை மகன் பரந்தாமனுக்கு. சொந்தம் விட்டுப்போகக் கூடாது, நகை நட்டு வெளியே போகக் கூடாது என்று பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம். பரந்தாமன் டேனரியில் தோல் காயப்போடுகிற வேலை பார்த்தான். அதிர்ந்து பேசாதவன். அவனுக்கும் சேர்த்துப் பேச விரிஞ்சிபுரத்தில் ஒரு அக்கா இருந்தாள், தனபாக்கியம்.

எழுபத்தொன்றில் முதல் பிள்ளை பிறந்தது. ஆண். பிறந்த கையோடு மேனி மஞ்சளடித்தது. தனபாக்கியம் வந்து இறங்கினாள். கெட்டவள் இல்லை, நான்கு பெற்று நான்கையும் வளர்த்தவள், தம்பி பிள்ளை மேல் உயிரையே வைத்திருந்தாள். காமாலைக்கு வெளிச்சம் ஆகாது என்றாள். பின்கட்டு அறையில் தொட்டில் கட்டி, ஜன்னலுக்குச் சாக்கு அடித்தாள். வேர் இடித்துச் சாறு பிழிந்து நாக்கில் தடவினாள். பிள்ளை பால் உறிஞ்ச மறந்தது. அழுகை மெலிந்து கீச்சென்று ஆனது. பிறகு தலை பின்னால் போய் முதுகு வில்லாக வளைந்தது. பெயர் வைக்கும் முன்னாலேயே போய்விட்டது. பெரியவங்க சொன்னாங்க, நாம கேட்டோம் என்று அம்சவேணி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் சும்மா உட்கார்ந்தது அதுதான் கடைசி.

அடுத்து விஜயா. பிறந்த மறுநாள் பிள்ளையின் கண்ணைத் திறந்து பார்த்தாள் அம்சவேணி, அதே மஞ்சள். யாருக்கும் ஆள் அனுப்பவில்லை. பச்சை உடம்போடு பிள்ளையைப் புடவையில் சுற்றிக்கொண்டு வேலூர் பஸ் ஏறிவிட்டாள். விஷயம் தெரிந்து பரந்தாமன் டேனரியிலிருந்து ஓடிவந்து அடுத்த பஸ்ஸைப் பிடித்தான். அவன் பெரிய ஆஸ்பத்திரியைத் தேடிக் கண்டுபிடித்தபோது பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டு நீல வெளிச்சத்துக்குக் கீழே கையைக் காலை உதைத்துக்கொண்டிருந்தது. அம்சவேணி பக்கத்தில் நின்றிருந்தாள், யாராவது விளக்கை அணைக்க வந்தால் கடித்துவிடுகிற முகத்தோடு.

பிள்ளைகளுக்கு வருகிற மஞ்சள் சில நாளில் இறங்கிவிடும். விஜயாவுக்கு இறங்கியது, விளக்கை எடுத்ததும் திரும்ப ஏறியது. டாக்டர் ராமமூர்த்தி இளவயதுக்காரர், விளக்கிச் சொல்ல அலுக்காதவர். முதலில் அவர் கேட்டது சொந்தத்தில் கல்யாணமா என்று. ஆமாம் என்றார்கள். பிறகு சொன்னார். ரத்தம் பழசாகிக் கழியும்போது ஒரு மஞ்சள் கழிவு உண்டாகும். அதைக் கழுவி வெளியே அனுப்புவது ஈரலின் வேலை. இந்தப் பிள்ளையின் ஈரல் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் கழிவைக் கழுவுகிற சரக்கு மட்டும் அதில் இல்லை. அப்பாவிடம் பாதிக் குறை, அம்மாவிடம் பாதிக் குறை, இரண்டும் சேர்ந்து இவளிடம் முழுக் குறையாகிவிட்டது. லட்சத்தில் ஒரு பிள்ளைக்குக்கூட வராது. கழிவு மூளைக்குள் ஏறினால் திரும்பாது. வெளிச்சம் தோல் மேல் பட்டால் அந்த மஞ்சள் உடைந்து கரைந்து வெளியேறும். ஆகவே வெளிச்சம்தான் மருந்து. பகலில் வெயில், மற்ற நேரம் நீல டியூப். எத்தனை நாளைக்கு என்று பரந்தாமன் கேட்டான். உயிரோடு இருக்கிற வரைக்கும் என்றார் டாக்டர்.

அம்சவேணிக்கு அதில் ஒரே வார்த்தைதான் காதில் தங்கியது. வெளிச்சம். முதல் பிள்ளைக்குச் சாக்கு அடித்து மறைத்த அதே வெளிச்சம். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சாக்கைத் தேடி எடுத்து அடுப்பில் போட்டாள்.

பரந்தாமனும் தன்னால் ஆனதைச் செய்தான். ஆனால் அவன் பிழைப்பு அவன் கையை இழுத்தது. ஆவாரம்பட்டையில் பதப்படுத்துகிற தோலை வெயிலில் காயவைக்க மாட்டார்கள். நிறம் கறுத்துப் போகும், விறைத்துப் போகும். நிழல் நகர நகரத் தோலையும் நகர்த்துவதுதான் அவன் கற்ற தொழில். பிள்ளையை வாசலில் வெயிலில் போட்டு, பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு அம்சவேணி உலை வைக்கப் போவாள். திரும்பி வந்தால் தொட்டில் நிழலில் இருக்கும். தான் நகர்த்தியதே அவனுக்குத் தெரியாது. அவள் கத்துவாள், அவன் அசட்டுத்தனமாகத் தொட்டிலை வெயிலுக்கு இழுப்பான், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் நிழல். "இன்னாய்யா, பொண்ண வளக்குறியா, தோல காயப்போடுறியா?" என்று அவள் போட்ட சத்தம் தெருவுக்கே பாடமாகிவிட்டது.

பிள்ளை வளர வளர வாசல் சரிப்படவில்லை. உடம்பு முழுக்க வெயில் படவேண்டும். தெருவில் பெண்பிள்ளையை எத்தனை வயது வரைக்கும் அப்படிப் போட்டுவைப்பது? அதற்கு வழி எதிர்வீட்டில் இருந்தது. ஹலீமா பீயின் வீட்டு மொட்டை மாடியில் ஆளுயரத்துக்கு மேல் சுற்றுச்சுவர். வீட்டுப் பெண்கள் காற்று வாங்கவும் துணி உலர்த்தவும், வெளிக்கண் படாமல் இருக்கவேண்டும் என்று கட்டியது. வானம் மட்டும்தான் எட்டிப்பார்க்கும். அம்சவேணி போய்க் கேட்டாள். ஹலீமா பீ மாடிச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தாள். "கேக்கணுமா அம்சா? வெயிலு என்னா எங்க வூட்டு சொத்தா?" என்றாள். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் போகும் முன்பும் வந்த பின்பும் விஜயாவுக்கு அந்த மாடிதான்.

மழைக்கும் இரவுக்கும் வீட்டில் டியூப். கட்டிலுக்கு மேலே மரச்சட்டம் அடித்து வரிசையாகத் தொங்கவிட்டார்கள். நீல வூடு என்று தெருப்பிள்ளைகள் அந்த வீட்டுக்குப் பெயர் வைத்தார்கள். கண் கூசாமல் இருக்கக் கட்டுகிற பட்டை அடிக்கடி கிழிந்தது. கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்ததும் அம்சவேணி முதலில் தேடியது லைனிங் தோலில் விழுகிற கழிவுத் துண்டைத்தான். முனீர் அகமது முதலில் முறைத்தார். விஷயம் தெரிந்த பிறகு ஆட்டுத்தோலில் மெத்தென்ற துண்டாகப் பார்த்து அவரே எடுத்துவைத்தார். விஷயத்தைச் சொல்லாமல் அதற்கு முன் அவரோடு அவள் போட்ட சண்டைதான் அவள் போட்டதிலேயே வீண் சண்டை.

பள்ளிக்கூடத்தில் விஜயாவுக்கு மஞ்சக்கிழங்கு என்று பெயர். முதல் முறை கூப்பிட்டவனைக் கையில் கடித்துவைத்துவிட்டாள். வாத்தியார் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். கடிக்கக் கூடாது, பல்லு எதுக்கு வீணாவணும், வாய் எதுக்கு இருக்குது என்று வாத்தியார் முன்னாலேயே மகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள் அம்சவேணி. விஜயா நன்றாகக் கற்றுக்கொண்டாள். அதற்குப் பிறகு யாராவது மஞ்சக்கிழங்கு என்றால், "வேணும்னா அரைச்சுப் பூசிக்கோ, மூஞ்சியாச்சும் தெளியும்" என்பாள். சொல்கிற வேகத்தில் கூப்பிட்டவனைத் தவிர எல்லோரும் சிரித்துவிடுவார்கள். அந்த நாக்குதான் அவளுடைய சொத்து. படிப்பிலும் அது தடுக்கி விழுந்ததில்லை. பாட்டு ஒப்பிக்க வகுப்பில் அவளைத்தான் எழுப்புவார்கள்.

அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது டாக்டர் ராமமூர்த்தி தலையில் நரை கண்டிருந்தார். ரத்தப் பரிசோதனை முடிந்ததும் அவர் அம்சவேணியைத் தனியாக உட்காரவைத்தார். பெரியவளாக ஆகத் தோல் தடிக்கும், வெளிச்சம் முன்போல் உள்ளே போகாது, வயதுக்கு வருகிற சமயம் மஞ்சள் திடீரென்று ஏறலாம் என்றார். காய்ச்சல் வந்தாலும் பட்டினி கிடந்தாலும் ஆபத்து. வெளிச்சம் ஒரு நாளும் தவறக் கூடாது. அப்புறம் தயங்கி ஒரு சேதி சொன்னார். வெளிநாட்டில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு ஈரலையே மாற்றிவைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். செத்துப்போனவர்களின் நல்ல ஈரலை எடுத்து வைக்கிறார்கள். வைத்த பிறகு மஞ்சள் இறங்கிவிடுகிறது, திரும்ப ஏறுவதில்லை.

அம்சவேணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "செத்தவங்களுக்கு எங்க போறது? என்னுத எடுத்து வெச்சிடுங்க. நான் ரெடி."

அப்படி உயிரோடு இருக்கிறவர்களிடமிருந்து எடுக்க முடியாது, இங்கே அந்த ஆபரேஷனே இன்னும் யாரும் தொடங்கவில்லை என்று டாக்டர் சொன்னார். எப்போது வரும் என்று கேட்டாள். தெரியாது, ஆனால் வரும் என்றார். சொல்லிவிட்டு, அவள் மறக்கவே முடியாத ஒன்றையும் சொன்னார்.

"ஈரல மாத்தினா மஞ்சள் போய்டும்மா. ஆனா மூளையில ஏறினத எந்த ஈரலும் திருப்பித் தராது. அந்த நாள் வர்ற வரைக்கும் இவள முழுசா வெச்சிருக்கணும். அது உன் வேலை."

எழுந்திருக்கும்போது இன்னொன்றுக்காகத் திட்டும் வாங்கினாள். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் யாரோ விஜயாவுக்கு மஞ்சள் பூசிவிட்டிருந்தார்கள். அது முழுக்கப் போகாமலே பரிசோதனைக்குக் கூட்டி வந்திருந்தாள். தோல்மேல் மஞ்சள் பூசினால் அது வெளிச்சத்தைக் குடித்துவிடும், உள்ளே விடாது, தவிர எது பூசினது எது நோய் என்று நான் எப்படிப் பார்ப்பேன் என்றார் டாக்டர். அன்றோடு வீட்டில் மஞ்சள் குழம்புக்கு மட்டும் என்றானது.

மறு வருஷம், எண்பத்தாறு கோடை விடுமுறையில், குடியாத்தத்தில் தறி போட்டு லுங்கி நெய்கிற அம்சவேணியின் தம்பி கனகராஜுக்குப் பிள்ளை பிறந்தது. அங்கே ஒத்தாசைக்கு ஆளில்லை. விஜயாவுக்கு மாடிச் சாவியையும், பரந்தாமனுக்கு ஆயிரம் கட்டளையையும் கொடுத்துவிட்டு அம்சவேணி குடியாத்தம் போனாள். அவள் போன மறுநாளே விஜயா வயதுக்கு வந்தாள்.

பரந்தாமனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெண்கள் சமாசாரம். அக்காவுக்குத்தான் முதலில் ஆள் அனுப்பினான். அத்தைக்காரி வராமல் எந்தச் சடங்கும் ஆகாது. தனபாக்கியம் கிடைத்த பஸ்ஸில் ஏறிக் கண்ணில் நீரோடு வந்து சேர்ந்தாள். இந்தப் பெண் இதுவரைக்கும் வருவாள் என்று அவள் நினைத்ததே இல்லை. வந்தவள் முறைப்படி எல்லாம் செய்தாள். பெண்ணை மாடிக்கு அனுப்புவதா? தீட்டோடு தெருவைத் தாண்டுவதா? வயதுக்கு வந்தவள் துணியில்லாமல் லைட்டுக்கடியில் படுப்பதா? சின்னப்பிள்ளையில் செய்தது சரி, இனிமேல் ஆகாது. பின்கட்டு அறையில் பாய் போட்டு உட்காரவைத்தாள். ஆண்கள் முகத்தில் முழிக்கக் கூடாது, சூரியன் முகத்திலும் முழிக்கக் கூடாது என்று ஜன்னலுக்குச் சாக்கு அடித்தாள். உடம்பு முழுக்க மஞ்சளைக் குழைத்து அப்பினாள். எல்லாவற்றையும் ஆசையோடுதான் செய்தாள்.

விஜயா முரண்டு பிடித்தாள். அம்மா வரட்டும், அதுவரைக்கும் எனக்கு லைட்டு வேணும் என்றாள். பரந்தாமனும் கதவுக்கு வெளியே நின்று, அக்கா, அந்த லைட்டு என்று ஆரம்பித்தான். ரெண்டு நாள்ல இன்னா ஆய்டப்போவுது, பொம்பளைங்க விஷயத்துல நீ தலையிடாத என்று அவள் ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டாள். அவன் வேலைக்குப் போய்விட்டான். நிழலுக்கு நகர்த்துகிற கை அது. அதை என்ன சொல்லி என்ன செய்ய.

குடியாத்தத்துக்குச் சேதி தாமதமாகப் போனது. அம்சவேணி சிரித்த முகத்தோடு, கூடை நிறைய மல்லியோடு வந்து இறங்கினாள். தெருமுனையிலேயே அவளுக்கு என்னவோ போலிருந்தது. வானம் மூடியிருந்தது, வீட்டில் நீலம் தெரியவில்லை. பின்கட்டுக்குப் போனாள். சாக்கு. அதே ஜன்னல், அதே அறை. பூக்கூடை எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. சாக்கைப் பிய்த்து எறிந்துவிட்டுப் பார்த்தாள். மகள் சுவரில் சாய்ந்து அரைத்தூக்கத்தில் இருந்தாள். முகமெல்லாம் மஞ்சள் பூச்சு. தண்ணீரை மொண்டு முகத்தைக் கழுவினாள். பூசின மஞ்சள் போய், அதைவிட அடர்ந்த மஞ்சள் அடியிலிருந்து வெளியே வந்தது.

"விஜி. விஜி, இங்க பாரு. மஞ்சக்கெழங்குன்னு கூப்ட்டா இன்னா சொல்லுவ?"

விஜயா சொல்லப் பார்த்தாள். உதடு அசைந்தது. நாக்கு உருளவில்லை. வார்த்தை நசுங்கி, கூழாக வந்தது. வாசலில் தனபாக்கியம், நான் நல்லதுக்குத்தான் என்று ஏதோ சொல்ல வந்தாள். அம்சவேணி அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். பதிமூன்று வயதுப் பெண், அவளுக்குக் கனக்கவில்லை. ஹலீமா பீ வீட்டு அம்பாசடர் வேலூருக்குப் பறந்தது.

ஆஸ்பத்திரியில் மேலே விளக்கு, கீழே விளக்கு, ரத்தம் மாற்றுவது என்று டாக்டர்கள் சுற்றி நின்று போராடினார்கள். மஞ்சள் இறங்கியது. விஜயா கண்ணைத் திறந்தாள், அம்மாவைத் தெரிந்துகொண்டாள், சோறு கேட்டாள். கை காலில் குறை எதுவும் தெரியவில்லை. பேச்சு மட்டும் தடித்தே வந்தது. தனக்கே அது கேட்கச் சகிக்காமல் அவள் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். நாக்கு திரும்புமா என்று டாக்டர் ராமமூர்த்தியிடம் கேட்டாள் அம்சவேணி. முழுசாகத் திரும்பலாம், இவ்வளவோடு நிற்கலாம், பொறுத்துத்தான் பார்க்கவேண்டும் என்றார் அவர். முழுசா வெச்சிருன்னு என்கிட்ட குடுத்தீங்களே என்று சொல்லி, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு டாக்டர் முன்னால் அவள் வாய்விட்டு அழுதாள்.

வீடு திரும்பியதும் சொந்தபந்தமெல்லாம் நலம் விசாரிக்க வந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சைப் பேசினார்கள். தண்ணி ஊத்துற சடங்கு வேண்டாம். பெண் பேச்சு குழறுகிறது, மேனி இந்த நிறம். ஊரைக் கூட்டி எதற்கு நாமே தம்பட்டம் அடிக்கவேண்டும்? சடங்கு செய்வது பெண் தயார் என்று நாலு பேருக்குச் சொல்லத்தானே, இவளை யார் கட்டப்போகிறார்கள்? சத்தமில்லாமல் முடித்துக்கொள் என்றார்கள். பரிதாபப்பட்டுத்தான் சொன்னார்கள். அதுதான் அம்சவேணிக்குத் தாங்கவில்லை.

அவள் எழுந்து நின்றாள். என் பெண் செத்துப்போகவில்லை, ஒளித்துவைக்க அவள் திருட்டுப்பொருளும் இல்லை என்றாள். பொண்ணு வளந்துட்டான்னு எனக்கு சந்தோஷம், அதைச் சொல்ல ஊரைக் கூப்பிடுகிறேன், கட்டிக்கொள்ள யாரையும் கூப்பிடவில்லை என்றாள். சடங்கு நடக்கும், இருட்டில் இல்லை, உச்சிவெயிலில் நடக்கும் என்றாள். எங்கே என்று யாரோ கேட்டார்கள். எதிர்வீட்டு மொட்டை மாடியில் என்றாள். பாய் வீட்டிலா என்று இழுத்தவர்களுக்கு, அந்த வீட்டு வெயில் குடித்துத்தான் அவள் இத்தனை உயரம் வளர்ந்தாள் என்று பதில் சொன்னாள். தீட்டென்று நினைப்பார்களோ என்று ஹலீமா பீயிடமும் ஒரு வார்த்தை கேட்டுவைத்தாள். "எங்கள்ல அப்போ நமாஸ் இல்ல, அவ்ளோதான். பொண்ண நிழல்ல போடச் சொல்லி யாரும் சொல்லல" என்று அவள் விறகு அடுக்கப் போய்விட்டாள்.

தாய்மாமன் பச்சை ஓலையில் குடிசை கட்டவேண்டும். கனகராஜ் பட்டுப்பாவாடையோடும் ஓலைக்கட்டோடும் வந்தான். நாலு கால் நட்டு, மூன்று பக்கம் ஓலை மறைத்து, கூரைக்கு ஓலையை எடுத்தான். அம்சவேணி அதைக் கையிலிருந்து பிடுங்கினாள். கூரை வேண்டாம் என்றாள். கூரையில்லாமல் குடிசையா என்று அவன் விழித்தான். மறைப்புக்குத்தானே குடிசை, மூணு பக்கம் மறைத்தாகிவிட்டது, மேலே இருப்பவனுக்கு எதற்கு மறைப்பு என்றாள். அவனுக்கும் அக்காவோடு வாதாடிப் பழக்கமில்லை. கூரை போடாமல் விட்டான்.

தனபாக்கியம் விரிஞ்சிபுரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். சேதி சொல்லி அனுப்பினால் வரமாட்டாள் என்று தெரியும்; அம்சவேணி தானே நேரில் போனாள். உட்காரவில்லை, தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை.

"மன்னிச்சுட்டேன்னு நெனைக்காத அண்ணி. எனக்கு இன்னும் ஆறல. ஆனா அத்தைக்காரி நீதான். இருட்டுல ஒக்கார வெச்ச கை, வெளிச்சத்துல வந்து மொத தண்ணி ஊத்தணும். வந்து சேரு."

அன்றைக்கு மாடி நிறையப் பெண்கள். வேண்டாம் என்றவர்களும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். ஹலீமா பீ வீட்டுப் பெண்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். வரிசைத் தட்டுகளைத் தூக்கி வந்த பரந்தாமன், கீழே போகும் முன் மணைப்பலகையைப் பார்த்தான். யாரோ அதைச் சுவரின் நிழலில் போட்டிருந்தார்கள். ஒன்றும் பேசாமல் அதை இழுத்து நட்டநடு வெயிலில் போட்டுவிட்டு இறங்கிப் போனான். பதிமூன்று வருஷத்தில் அம்சவேணி சொல்லாமல் அவன் அதைச் செய்தது அதுதான் முதல்முறை. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஜயா மாமன் கொடுத்த பாவாடையில் மணையில் உட்கார்ந்தாள். தலையைக் குனியவில்லை. எல்லோரையும் நேராகப் பார்த்தாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்தே தலையாட்டலும் கையாட்டலும்தான். தினமும் அம்மா மட்டும் ஏதாவது கேட்டுப் பார்ப்பாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். காய்ந்த நெல்லைப்போல் சளசளவென்று கொட்டுகிற வாய் மூடியே கிடப்பது அம்சவேணிக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தது. வந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தனபாக்கியம் குடத்தை எடுத்தாள். உள்ளே எட்டிப்பார்த்தாள். வெறும் தண்ணீர். தெளிந்த பாலாற்றுக் கிணற்றுத் தண்ணீர். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். மஞ்சள் கிண்ணத்தைக் காணோம்.

"மஞ்ச எங்க அம்சா?"

"மஞ்சள் கெடையாது. நீ தண்ணி மட்டும் ஊத்து."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. மஞ்சள் இல்லாமல் என்ன மங்களம் என்று ஒரு கிழவி சத்தமாகவே கேட்டாள். அம்சவேணி இடுப்பில் கைவைத்துத் திரும்பினாள்.

"உங்க பொண்ணுங்களுக்கெல்லாம் நீங்க பூசினீங்க, ஒரு குளியல்ல போய்ட்டுது. என் பொண்ணு பொறக்கும்போதே பூசிக்கினு வந்தவ. அவளுக்கு மேல இன்னா மங்களம் வேணும் உங்களுக்கு?"

கிழவி பின்னால் நகர்ந்துகொண்டாள். ஆனால் தனபாக்கியத்தின் குடம் தூக்கிய இடத்திலேயே நின்றது. பழக்கம் விடவில்லை அவளை. பாவம், அழுதும்விட்டாள். "மஞ்சளே இல்லாம எப்படிம்மா ஊத்துறது?" என்று குடத்தைப் பார்த்தே கேட்டாள்.

"வேணும்னா என்னையே அரைச்சுக் கரைச்சுக்கோ அத்தே. சீக்கிரம் ஊத்து, வெயில் போவுது."

சொன்னது விஜயா. எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஹலீமா பீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். தனபாக்கியம் அழுதுகொண்டே சிரித்தாள். அம்சவேணி மட்டும் சிரிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மகள் முன்னால் போய்க் குந்தினாள். அந்த வார்த்தையில் ஒரு எழுத்துகூட நசுங்கியிருக்கவில்லை. தான் கேட்டது சரிதானா என்று அவளுக்கே நம்பிக்கை வரவில்லை.

"இன்னொருவாட்டி சொல்லு" என்றாள்.

விஜயா இன்னொரு முறை சொன்னாள், தெருவுக்கே கேட்கிற மாதிரி. தனபாக்கியம் குடத்தைச் சாய்த்தாள்.